இன்சுலினுக்கு ஏன் மாத்திரை இல்லை?

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், மேல் தட்டில், அப்பாவின் இன்சுலின் இருக்கும். அம்மாவின் தைராய்டு மாத்திரை டப்பா சமையல் மேடையில், காபிப் பொடி டின்னுக்குப் பக்கத்தில். காலையில் எழுந்ததும் அம்மா வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிவிட்டு, காபிக்காக அரை மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா, இட்லிக்கு ஊற்றி வைத்ததும் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வார். "உனக்கு மட்டும் மாத்திரை, எனக்கு ஏன் தினம் குத்து?" என்பது அவருடைய நெடுநாள் புகார்.

நியாயமான கேள்விதான். இரண்டுமே ஹார்மோன். ஒன்றை விழுங்கினால் வேலை செய்கிறது, இன்னொன்றை விழுங்கினால் வீண். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு போனால், பெப்டைடு ஹார்மோன்கள் என்ற பெரிய குடும்பத்தின் குணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அவை கெட்டால் வரும் நோய்களும், இப்போது எல்லோரும் பேசும் எடை குறைக்கும் ஊசியும்கூட அந்த வழியில்தான் இருக்கின்றன.

ஹார்மோன் என்றால் உடம்பின் ஓர் இடத்தில் சுரந்து, ரத்தத்தில் கலந்து, வேறோர் இடத்துக்குப் போய் 'இதைச் செய்' என்று சொல்லும் பொருள். இந்த எண்ணம் உறுதிப்பட்டது 1902-இல், லண்டனில். சாப்பாடு இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்கு இறங்கியதும் கணையம் செரிமான நீரைச் சுரக்கிறதே, அதற்குத் தகவல் சொல்வது யார்? நரம்புதான் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இருவர் (இவர்கள் மைத்துனர்களும்கூட) ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் நீக்கிவிட்டு, அந்தத் துண்டுக்குள் அமிலத்தை விட்டுப் பார்த்தார்கள். செய்தி போக நரம்பே இல்லை. ஆனாலும் கணையம் சுரந்தது. அப்புறம் குடலின் உள்தோலைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி ரத்தத்தில் செலுத்தினார்கள். மறுபடியும் சுரந்தது. ஆக, செய்தி ரத்தம் வழியாகத்தான் போகிறது. அந்தப் பொருளுக்கு செக்ரெடின் என்று பெயர் வைத்தார்கள். 1905-இல் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். 'தூண்டிவிடுகிறேன்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது.

அந்த செக்ரெடினே ஒரு பெப்டைடுதான்.

பெப்டைடு என்பது கோத்த மணிச்சரம். மணிகளுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். நம் உடம்பு முக்கியமாக 20 வகை மணிகளை வைத்துக்கொண்டு எல்லாச் சரங்களையும் கோக்கிறது. சரம் சின்னதாக இருந்தால் பெப்டைடு, நீளமாக இருந்தால் புரதம். எங்கே கோடு போடுவது என்பதில் கறார் கிடையாது, 50 மணி வாக்கில் என்பார்கள். தைராய்டைக் கவனிக்கும் சங்கிலியின் முதல் கண்ணியான டிஆர்ஹெச் வெறும் 3 மணி. ஆக்ஸிடோசின் 9. குளுக்ககான் 29. இன்சுலின் 51. வளர்ச்சி ஹார்மோன் 191. எல்லாவற்றையும் பேச்சுவழக்கில் ஒரே குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள்.

இதற்கு வெளியே இரண்டு குடும்பங்கள் உண்டு. கொழுப்பான கொலஸ்ட்ராலிலிருந்து செய்யப்படும் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் ஒன்று: கார்ட்டிசால், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன். இன்னொன்று, ஒன்றிரண்டு அமினோ அமிலங்களைத் திருத்திச் செய்த குட்டி ஹார்மோன்கள். அட்ரினலின் அந்த வகை. அம்மா விழுங்கும் தைராக்சினும் அதே வகை.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வரலாம். நம் வயிற்றுக்கு இன்சுலினும் பருப்பும் ஒன்றுதான். இரண்டும் அமினோ அமிலச் சரங்கள். இரைப்பையில் பெப்சின் என்ற கத்தரி இருக்கிறது, சிறுகுடலில் கணையம் அனுப்பும் ட்ரிப்சின் உள்ளிட்ட கத்தரிகள் இருக்கின்றன. சரம் எது வந்தாலும் வெட்டி மணிகளாக உதிர்ப்பது அவற்றின் வேலை. விழுங்கிய இன்சுலின் நாலைந்து வாய் சாம்பாரைப் போலச் செரித்துப் போய்விடும். தைராக்சினில் வெட்டுவதற்குச் சரமே இல்லை. டைரோசின் என்ற அமினோ அமிலம் இரண்டு சேர்ந்து, மேலே நான்கு அயோடின் ஒட்டிய சிறு பொருள் அது. கத்தரிக்கு அது அகப்படாது. சாப்பாடும் காபியும்தான் அதன் உறிஞ்சலைக் குறைக்கும், அதனால்தான் அந்த அரை மணி நேரக் காவல். ஸ்டீராய்டுகளும் அப்படியே தப்பிவிடும். பிரெட்னிசலோன், கருத்தடை மாத்திரை எல்லாம் விழுங்கும்படியாக இருப்பது இதனால்தான்.

இந்தக் கத்தரி இன்சுலினைக் கண்டுபிடிக்கவே விடவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. நாயின் கணையத்தை எடுத்துவிட்டால் அதற்குச் சர்க்கரை நோய் வருகிறது என்று 1889-இலேயே தெரியும். அப்படியானால் கணையத்தை அரைத்துக் கொடுத்தால் நோய் குணமாக வேண்டும் அல்லவா? பலர் செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை. காரணம், கணையம் ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு தொழிற்சாலை. பெரும்பகுதி செரிமான நீரைச் செய்கிறது. லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் எனப்படும் குட்டிக் குட்டித் திட்டுகள், மொத்த எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான், இன்சுலினைச் செய்கின்றன. மொத்தமாக அரைத்தால் பக்கத்து அறைக் கத்தரிகள் இன்சுலினை வெட்டிவிடும். கனடாவில் ஃபிரெடரிக் பேன்ட்டிங் என்ற இளம் அறுவை மருத்துவர், செரிமான நீர் போகும் குழாயைக் கட்டிவிட்டால் அந்தப் பகுதி மட்டும் சுருங்கிச் சாகும், திட்டுகள் மிஞ்சும் என்று யோசித்தார். 1921-இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்லியோடின் ஆய்வுக்கூடத்தில், சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரோடு சேர்ந்து வேலையைத் தொடங்கினார். பிறகு குழாய் கட்டும் வேலையெல்லாம் தேவைப்படவில்லை; ஆல்கஹாலை வைத்தே சுத்தமாகப் பிரித்தெடுக்கலாம் என்று ஆனது. அதைச் செம்மைப்படுத்தியவர் ஜேம்ஸ் காலிப்.

1922 ஜனவரி 11-ஆம் தேதி லியோனார்டு தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. சரக்கு அவ்வளவு சுத்தமில்லை, ஒவ்வாமை வந்தது, நிறுத்திவிட்டார்கள். 12 நாள் கழித்து காலிப் சுத்திகரித்த மருந்தைப் போட்டார்கள். சர்க்கரை இறங்கியது. அதற்கு முன்னால் அந்த வகைச் சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதங்களோ ஒன்றிரண்டு வருடங்களோ இழுப்பதுதான் வைத்தியம்.

பிறகு 60 வருடம் போல உலகம் மாட்டு, பன்றிக் கணையத்தை நம்பியே ஓடியது. சுமார் 2 டன் கணையத்திலிருந்து கால் கிலோவுக்கும் குறைவான இன்சுலின்தான் கிடைக்கும். பன்றி இன்சுலின் நம்முடையதிலிருந்து ஒரே ஒரு மணியில்தான் வேறுபடும், மாட்டுடையது மூன்று மணியில். அதனால்தான் அது நம்மிடம் செல்லுபடியானது. மணி வரிசையை முழுசாகப் படித்தவர் ஃபிரெடரிக் சாங்கர், அதற்கு 1958-இல் நோபல். 1978-இல் மனித இன்சுலினைப் பாக்டீரியாவுக்குள் செய்யக் கற்றுக்கொண்டார்கள், 1982-இல் அது மருந்துக்கடைக்கு வந்தது. இன்று மருந்துக்கடையில் வாங்குவது பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ கோத்துக் கொடுத்த சரம்.

சரி, ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்த இன்சுலின் என்ன செய்கிறது?

இங்கே பெப்டைடின் இரண்டாவது குணம். செல்லின் சுவர் எண்ணெய்ப் படலம். ஸ்டீராய்டு எண்ணெய்க் குணம் கொண்டது, படலத்தில் நழுவி உள்ளே போய்விடும். பெப்டைடால் முடியாது. வாசலில் நின்று காலிங் பெல்லை அழுத்த வேண்டியதுதான். அந்த பெல்லுக்கு ஏற்பி என்று பெயர். பெல் அடித்ததும் வீட்டுக்குள் ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டு, அவர் நாலு பேரைக் கூப்பிட்டு வேலை நடக்கும். தசை செல்லில் இன்சுலின் பெல் அடித்தால், உள்ளே மடித்து வைத்திருக்கும் சர்க்கரைக் கதவுகள் மேலே வந்து சுவரில் பொருந்திக்கொள்ளும், ரத்தத்துச் சர்க்கரை உள்ளே போகும்.

பல இடங்களில் இன்சுலினைச் 'சாவி' என்று எழுதுகிறார்கள். சாவி என்றால் திறந்தாக வேண்டும். பெல் என்றால் உள்ளே இருப்பவர் எழுந்து வராமலும் இருக்கலாம். சர்க்கரை நோயின் இரண்டு முக்கிய வகைகளும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கின்றன. முதல் வகையில் பெல் அடிக்க ஆளே இல்லை: உடம்பின் எதிர்ப்பு சக்தியே தவறுதலாக இன்சுலின் செல்களை அழித்துவிடுகிறது. இரண்டாம் வகையில் பெல் அடிக்கிறது, உள்ளே கேட்பதில்லை. கணையம் இன்னும் பலமாக, இன்னும் அடிக்கடி அடிக்கிறது. ஆரம்பத்தில் ரத்தத்தில் இன்சுலின் அளவு அதிகமாகக்கூட இருக்கும். வருடக்கணக்கில் அடித்து அடித்துக் கணையமும் களைத்துப்போனபிறகுதான் சர்க்கரை எகிறுகிறது. 'அவருக்குச் சர்க்கரை முத்திப்போய் இன்சுலினுக்கு மாத்திட்டாங்க' என்று நம் ஊரில் துக்கம் விசாரிப்பது போலப் பேசுவார்கள். களைத்துப்போன கணையத்துக்குத் துணை ஆள் போடுவது அது, அவ்வளவுதான்.

கணையம் இன்சுலினைச் செய்யும் விதம் ஒரு தையற்காரர் வேலை போன்றது. முதலில் ஒரே நீளமான சரமாகக் கோத்து, அதை மடித்து, மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டு, அப்புறம் நடுவிலிருக்கும் 31 மணித் துண்டை வெட்டி எடுத்துவிடும். மிஞ்சும் இரண்டு சரம், 21 மணியும் 30 மணியும், சேர்ந்ததுதான் இன்சுலின். வெட்டிய துணிக்கு சி-பெப்டைடு என்று பெயர். குப்பை என்று நினைக்க வேண்டாம், மருத்துவருக்கு அது பெரிய சாட்சி. ஒரு இன்சுலின் வெளியே வந்தால் கூடவே ஒரு சி-பெப்டைடும் வந்தாக வேண்டும். ஊசியில் போடும் இன்சுலினோடு அது வராது. ஆகவே வெளியிலிருந்து எவ்வளவு ஊசி போட்டாலும், ஒருவருடைய சொந்தக் கணையம் எவ்வளவு செய்கிறது என்பதை சி-பெப்டைடு அளவு காட்டிக்கொடுத்துவிடும். முதல் வகையா இரண்டாம் வகையா என்று குழப்பம் வந்தால் இந்தப் பரிசோதனை எழுதிக்கொடுப்பார்கள்.

மூன்றாவது குணம், ஆயுள். பெப்டைடு ஹார்மோனைச் செல்கள் முன்கூட்டியே செய்து சிறு பொட்டலங்களில் கட்டி வைத்திருக்கும். கட்டளை வந்த கணத்தில் கொட்டிவிடும். கொட்டியதும் வேலை முடிந்து சீக்கிரம் அழிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கட்டளையை மாற்ற முடியாது. ரத்தத்தில் இன்சுலின் ஐந்து நிமிடத்துக்குள் பாதியாகிவிடும். சாப்பாட்டுக்குச் சாப்பாடு ஏற்றி இறக்கும் கணையத்துக்கு இது வசதி. ஊசி போடுபவருக்கு இது தலைவலி. அதனால் மணிகளை மாற்றிக் கோக்கிறார்கள். இரண்டாவது சரத்தின் 28, 29-ஆம் மணிகளை ஒன்றுக்கொன்று இடம் மாற்றினால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வேகமாக ரத்தத்துக்குப் போகும்: அது லிஸ்ப்ரோ, சாப்பாட்டு நேர ஊசி. ஒரு மணியை மாற்றி இரண்டு மணி கூடச் சேர்த்தால் தோலுக்கடியில் நுண்ணிய படிகமாகத் தங்கி, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்: அது கிளார்ஜின்.

நான்காவது குணத்தை எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டோம். ஒரு கோடையில், மின்வெட்டு நீளும் என்று பயந்து, புது இன்சுலின் குப்பியை நான் ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். உறைந்தது. வெளியே எடுத்து உருகவிட்டோம், பார்க்க ஒரு கோளாறும் இல்லை. இரண்டு நாள் சர்க்கரை இறங்கவே இல்லை, மூன்றாம் நாள் மருந்துக்கடைக்காரர்தான் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். மணிச்சரம் தன் மடிப்போடு இருந்தால்தான் பெல்லில் விரல் சரியாகப் பதியும். சூடோ உறைபனியோ அந்த மடிப்பைக் குலைத்துவிடும். முட்டை வெந்தால் மறுபடி பச்சை முட்டையாகாது, அது மாதிரி. திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி, ஃப்ரீசர் கூடவே கூடாது. பயன்படுத்திக்கொண்டிருப்பது வெயில் படாமல் அறையிலேயே நான்கு வாரம் போல இருக்கலாம். சரியான கணக்கு பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர்ப் பிரச்சினை. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பும் அளவுக்குச் சர்க்கரை இறங்கிவிடும். மருந்துக்கடையில் 'இன்சுலின் ஊசி ஒண்ணு குடுங்க' என்று மட்டும் கேட்காமல் குப்பியைக் காட்டி வாங்குவது நல்லது.

இன்சுலினைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம், மற்ற உறவினர்களைச் சுருக்கமாகவே பார்த்துவிடலாம் என்பதுதான். கதை ஒன்றேதான்: சுரப்பு குறையும், இல்லை கூடும், இல்லை பெல் கேட்காது.

வாசோபிரசினை எடுத்துக்கொள்ளுங்கள். 9 மணி. மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி செய்கிறது, அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பக்கம் சேமித்து வைக்கிறது. சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. அதில் ஒன்றிரண்டு லிட்டர் தவிர மீதியெல்லாம் திரும்ப ரத்தத்துக்கு வந்துவிடுகிறது. அதில் கடைசிப் பங்கை மீட்பது வாசோபிரசினின் பெல். அது இல்லாவிட்டால் ஒரு நாளைக்குப் பத்து லிட்டருக்கு மேல்கூடச் சிறுநீர் போகும், தாகம் அடங்காது. சிறுநீரில் சர்க்கரை இருக்காது. இதற்கு 'டயபடிஸ் இன்சிபிடஸ்' என்று பெயர் இருந்தது. சர்க்கரை நோயோடு குழப்பிக்கொண்டு ஆபத்தாகிறது என்று 2022-இல் பெயரையே மாற்றி, வாசோபிரசின் குறைபாடு என்று சொல்லத் தொடங்கினார்கள். பார்க்கப்போனால், தமிழில் 'நீரிழிவு' என்ற சொல் இதற்குத்தான் கச்சிதம். இனிப்புள்ள நோய்க்குச் சித்த மருத்துவத்தில் மதுமேகம் என்ற தனிப் பெயரே இருக்கிறது.

இதே 9 மணியில் இரண்டை மட்டும் மாற்றினால் ஆக்ஸிடோசின். பிரசவ வார்டில் 'வலி வர டிரிப் போட்டிருக்கு' என்பார்களே, அந்த மருந்து. கருப்பையைச் சுருங்க வைப்பதும், குழந்தை வாய் வைத்ததும் பாலை இறக்கிவிடுவதும் இதன் வேலை. குழந்தை அழும் சத்தத்துக்கே சில தாய்மாருக்குப் பால் கசிவது இதனால்தான். குழந்தை பிறந்ததும் ரத்தப்போக்கைத் தடுக்க 10 யூனிட் ஆக்ஸிடோசின் போடுவது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எத்தனையோ தாய்மார் இதனால் பிழைத்திருக்கிறார்கள். இரண்டே மணி வித்தியாசம் என்பதால் ஆக்ஸிடோசினை அளவு மீறிச் செலுத்தினால் வாசோபிரசின் போலவே நடந்துகொண்டு உடம்பில் நீரைத் தேக்கிவிடும், செவிலியர் டிரிப் வேகத்தை எண்ணிக்கொண்டே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாட்டுக்கு ஆக்ஸிடோசின் ஊசி போட்டுப் பால் கறப்பது பற்றி வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும், அந்தப் பாலைக் குடித்தால் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவார்கள் என்று. நம் கத்தரியை நினைத்துக்கொள்ளுங்கள். 9 மணிச் சரம் பாலில் கொஞ்சம் வந்தாலும் வயிறு அதை விட்டுவைக்காது. அந்த ஊசியில் கொடுமை மாட்டுக்குத்தான், தப்பு தப்புதான். ஆனால் பயம் தவறான இடத்தில் இருக்கிறது.

அதே கத்தரியை வைத்தே இன்னொரு வியாபாரத்தையும் எடைபோடலாம். 'வளர்ச்சி ஹார்மோன் அடங்கியது, மூன்று மாதத்தில் உயரம்' என்று விற்கும் பவுடர், மாத்திரை. 191 மணிச் சரம் வாய் வழியாகப் போய் உயிரோடு ரத்தத்தைச் சேராது. உண்மையில் அந்த ஹார்மோன் குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு ஊசியாகத்தான் போடுகிறார்கள், அதுவும் எலும்பின் வளரும் முனை மூடுவதற்குள். முன்பெல்லாம் இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து அதை எடுத்தார்கள். அப்படிப் பெற்றவர்களில் சிலருக்கு வருடங்கள் கழித்துக் குணமாகாத ஒரு மூளை நோய் வந்தது தெரிந்து, 1985-இல் அதை நிறுத்தினார்கள். அதே வருடம் பாக்டீரியா செய்த ஹார்மோன் அனுமதி பெற்றது.

கூடிப்போனாலும் சங்கடம். பிட்யூட்டரியில் சிறு கட்டி வந்து, வளர்ந்து முடிந்த ஆளுக்கு இந்த ஹார்மோன் மிகுந்தால் உயரம் கூடாது. கை, கால், தாடை, மூக்கு பருக்கும். மோதிரம் கழலாது, செருப்பு அளவு ஏறும். மெல்ல மெல்ல நடப்பதால் கூடவே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஐந்தாறு வருடம் கழித்துக் கல்யாண வீட்டில் பார்க்கும் அத்தைதான் 'என்னடா, முகமே மாறிப்போச்சு' என்பார். மருத்துவர்கள் பழைய ஃபோட்டோ கேட்பது அதற்காகத்தான்.

அம்மாவின் தைராய்டு ரிப்போர்ட்டுக்கு ஒரு வார்த்தை. அவர் விழுங்குவது பெப்டைடு இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் முதலில் பார்க்கும் டிஎஸ்ஹெச் பெப்டைடு குடும்பத்தது. சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டிய பெரிய சரம். பிட்யூட்டரி தைராய்டைப் பார்த்து 'சுரந்து கொடு' என்று விடும் குரல் அது. தைராய்டு சோம்பினால் குரல் உயரும். ஆகவே டிஎஸ்ஹெச் அதிகம் என்றால் தைராய்டு குறைவு. எங்கள் தெருவில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகத்தான் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

இதயமும் ஒரு சுரப்பிதான் என்பது 1981-இல் கனடாவில் அடால்ஃபோ டி போல்ட் காட்டியது. இதய அறைகள் விரிந்து இழுபடும்போது, 'உப்பையும் நீரையும் வெளியேற்று' என்று சிறுநீரகத்துக்குப் பெப்டைடு அனுப்புகின்றன. மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருபவருக்குக் கோளாறு இதயத்திலா நுரையீரலிலா என்று பார்க்க எடுக்கும் 'என்டி-ப்ரோபிஎன்பி' பரிசோதனை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. வீட்டில் செய்யும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் விழும் இரண்டாவது கோடும் ஹெச்சிஜி என்ற இன்னொரு உறவினர்தான்.

பசிக்கும் சரங்கள் உண்டு. கொழுப்புத் திசு 'இருப்பு போதும்' என்று மூளைக்குச் சொல்ல விடும் லெப்டின், 1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டுபிடித்தது. பிறவியிலேயே அது இல்லாத இரண்டு குழந்தைகளைப் பற்றி 1997-இல் கேம்பிரிட்ஜிலிருந்து எழுதினார்கள். அதில் ஒரு பெண் குழந்தை 8 வயதில் 86 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி தீராது. லெப்டின் ஊசி போட்டதும் அந்தப் பசி அடங்கியது. குண்டாக இருக்கும் எல்லோருக்கும் இதுவே மருந்து என்று உலகம் துள்ளியது. ஆனால் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே ஏராளம். மூளைக்குத்தான் பெல் கேட்கவில்லை.

அந்த இடத்தில் வெற்றி பெற்றது குடலிலிருந்து வந்த ஒரு சரம். சர்க்கரையை நரம்பில் ஏற்றுவதைவிட வாயால் சாப்பிட்டால் இன்சுலின் அதிகம் சுரக்கிறது என்று 1960-களிலேயே கவனித்திருந்தார்கள். குடல் கணையத்துக்கு முன்கூட்டியே தகவல் அனுப்புகிறது என்றுதானே அர்த்தம்? அப்படி அனுப்பும் முக்கியமான ஒன்று ஜிஎல்பி-1, 30 மணி. வேடிக்கை என்னவென்றால், கணையத்தில் சுரந்து ரத்தச் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககானும் இதே நீளச் சரத்திலிருந்து வெட்டப்படுவதுதான். ஒரே துணி; கணையம் ஒரு விதமாக வெட்டுகிறது, குடல் வேறு விதமாக. ஜிஎல்பி-1 கணையத்தைத் தட்டி எழுப்பும், இரைப்பை காலியாவதைத் தாமதிக்கும், மூளையில் 'போதும்' என்ற உணர்வைக் கொடுக்கும். ஆயுள்தான் இரண்டே நிமிடம். டிபிபி-4 என்ற கத்தரி தலைப்பக்கம் இரண்டு மணியை நறுக்கிவிடும்.

இரண்டு வழி யோசித்தார்கள். ஒன்று, கத்தரியை மழுங்கடிப்பது. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் என்று 'கிளிப்டின்' என முடியும் மாத்திரைகள் அதைத்தான் செய்கின்றன. உங்கள் வீட்டுச் சர்க்கரை மாத்திரைச் சீட்டில் ஒன்று இருக்க நிறைய வாய்ப்புண்டு. இன்னொன்று, வெட்டுப்படாத சரம் செய்வது. அதற்கு வழி காட்டியது ஒரு பல்லி. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும், வருடத்தில் சில தடவையே சாப்பிடும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் நஞ்சில், ஜிஎல்பி-1 போலவே இருக்கும் ஆனால் கத்தரிக்கு அகப்படாத பெப்டைடை ஜான் எங் என்ற மருத்துவர் 1992-இல் கண்டார். அதன் வார்ப்பில் வந்த எக்ஸெனடைடு 2005-இல் மருந்தானது. இன்று எல்லோரும் பேசும் எடை குறைக்கும் ஊசியான செமாகுளுட்டைடு, மனித ஜிஎல்பி-1-இன் திருத்திய வடிவம். கத்தரி கடிக்கும் இடத்தில் ஒரு மணியை மாற்றி, பக்கவாட்டில் கொழுப்பு வால் ஒன்றைத் தொங்கவிட்டார்கள். வால் ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றும். இரண்டு நிமிடச் சரம் பாதியாக ஒரு வாரம் ஆகிறது. அதனால் வாரம் ஒரு ஊசி.

நல்ல மருந்துதான். ஆனால் கல்யாணத்துக்கு இரண்டு மாதத்தில் இளைக்க வேண்டும் என்று தெரிந்தவர் மூலம் வாங்கிப் போட்டுக்கொள்ளும் சரக்கு இல்லை. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சகஜம். கணைய அழற்சி அபூர்வமாக வரும். தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் போடவே கூடாது. நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பி வரும். பெல் அடிக்கிறவர் போய்விட்டால் பசி பழைய இடத்துக்கு வரத்தானே செய்யும்.

இந்த செமாகுளுட்டைடு மாத்திரையாகவும் வந்துவிட்டது என்று பேப்பரில் பார்த்துவிட்டு அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "பெப்டைடுன்னா வயிறு வெட்டிடும்னியே?" உண்மைதான், வெட்டத்தான் செய்கிறது. மாத்திரைக்குள் ஒரு துணைப்பொருள் வைத்திருக்கிறார்கள். மாத்திரை இரைப்பையில் கரையும் இடத்தில் மட்டும் அது அமிலத்தைத் தணித்துப் பெப்சினை மந்தமாக்கி, இரைப்பைச் சுவர் வழியாகக் கொஞ்சம் மருந்தை உள்ளே நுழைத்துவிடும். நுழைவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சர்க்கரை நோய்க்கு ஊசியில் வாரம் 1 மில்லிகிராம் போதும் என்றால், மாத்திரையில் ஒரு நாளைக்கே 14 மில்லிகிராம் வரை.

"அப்போ இன்சுலினையும் அப்படிச் செய்யலாமே?" என்றார். முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். சிக்கல், இன்று அரைப் பங்கும் நாளை ஒரு பங்கும் உள்ளே போனால் செமாகுளுட்டைடுக்குக் கவலையில்லை. வாரக்கணக்கில் தங்கும் மருந்து, ஏற்ற இறக்கம் சமமாகிவிடும். இன்சுலினில் அப்படி நடந்தால் நேற்று 10 யூனிட், இன்று 20 யூனிட் போட்ட மாதிரி. பாதி ராத்திரியில் வியர்த்துக் கொட்டும்.

அப்புறம் அந்த மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அவருக்குப் படித்துக் காட்டினேன். காலையில் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது, அரை மணி நேரத்துக்கு வேறெதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இன்சுலின் பேனாவில் ஊசியை மாட்டிக்கொண்டே, "காபியும் கூடாதா?" என்று கேட்டார்.